எழுபதுக்குக் கீழே

எண் என்றால் நம் வீடுகளில் ஒரு தனி மரியாதை உண்டு. பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்றால் தாம்பாளம் மாற்றிக்கொண்டு விடுகிறோம். தெர்மாமீட்டரில் 102 என்றால் ஆபீசுக்கு லீவு சொல்கிறோம். பிள்ளையாண்டான் கணக்கில் 34 மார்க்கு வாங்கி வந்தால், அன்று ராத்திரி அந்த வீட்டில் அப்பளம் நொறுங்கும் சத்தம்கூடக் கேட்பதில்லை. எண் பொய் சொல்லாது என்பது நம் நம்பிக்கை. வாஸ்தவந்தான், ஆனால் அதனிடம் கேட்காத கேள்விக்கெல்லாம் அது பதில் சொல்லிவிட்டதாக நாமே நினைத்துக்கொள்கிறோமே, தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. சின்ன வயதிலிருந்தே எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாளாம். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. சமீபத்தில் அடையாள அட்டைக்காகப் பரிசோதனை செய்தபோது புத்தி ஈவு, அதாவது ஐ.க்யூ., 58 என்று எழுதிக் கொடுத்தார்களாம். “ஒன்பது வயசுக் குழந்தைக்குச் சமம் என்று அர்த்தம், ஜன்மத்துக்கும் தனியாக விட முடியாது” என்று நாத்தனார் விளக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “எனக்கு ஐம்பத்தாறு, அவருக்கு அறுபத்திரண்டு. எங்கள் காலத்துக்குப் பிறகு இவள் கதி என்ன?” என்று கேட்கிறார் அந்த அம்மாள்.

இந்தக் கேள்வியோடு தூங்கப் போகிற தாய்மார்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆகையால் எல்லாருக்குமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1904-ல் பிரெஞ்சு சர்க்கார் ஒரு குழு அமைத்தது. பள்ளிக்கூடத்தில் பின்தங்கும் குழந்தைகளை எப்படிக் கண்டுபிடித்து உதவுவது என்பது அதன் முன்னிருந்த பிரச்னை. பாரிஸிலிருந்த ஆல்ஃபிரட் பினே என்பவரும், தியோடோர் சிமோன் என்ற டாக்டரும் 1905-ல் முப்பது சின்னச் சின்னச் சோதனைகளைத் தயாரித்தார்கள். எரிகிற தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வதில் ஆரம்பித்து, போகப் போகக் கடினமாகும். எந்தக் குழந்தைக்கு வகுப்பில் கூடுதல் ஒத்தாசை வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இது ஏற்பட்டது. புத்தி என்பது கஜக்கோலால் அளக்கிற துணி அல்ல என்று பினே அப்போதே சொன்னார். பயிற்சியால் குழந்தை முன்னேறும் என்பதிலும் உறுதியாக இருந்தார். 1911-ல் அவர் காலமானார். மறு வருஷம் ஜெர்மனியில் வில்லியம் ஸ்டெர்ன் என்பவர் மன வயதை உடல் வயதால் வகுக்கலாம் என்றார். 1916-ல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கி ஒரே எண்ணாக்கினார். நம் தேசத்தில் 1930-களில் வி. வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக அந்தச் சோதனையை மாற்றி அமைத்தார்.

ஆக, பள்ளிக்கூட உதவிக்காகப் பிறந்த எண் இது. வார்த்தைக்குப் பொருள் சொல்வது, எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வது, புதிர் போடுவது, இவற்றை ஒருவர் எவ்வளவு செய்கிறார் என்று அது சொல்லும். புது விஷயத்தைப் படிப்பதில் எவ்வளவு சிரமம் இருக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லும். அதை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. சராசரி 100, எழுபதுக்குக் கீழே என்றால் உதவி தேவைப்படலாம் என்பது வழக்கு. இருபது, முப்பது என்று இறங்கிவிட்டால் அநேகமாக ஆயுள் முழுவதும் பக்கத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். அதை மறைத்துப் பேசுவது தாய்க்குச் செய்கிற துரோகம்.

ஆனால் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவிலே இருப்பவர்களுடைய கதை வேறு. உலகத்தில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வகுப்பில்தான் வருகிறார்கள்.

இந்த எழுபது என்ற கோடே ஆண்டவன் போட்டதல்ல. அமெரிக்க நிபுணர் சங்கம் 1961-ல் ஏறக்குறைய 85 வரை கோட்டை ஏற்றி வைத்திருந்தது. 1973-ல் எழுபதாக இறக்கிவிட்டது. ராத்திரி படுக்கும்போது குறைபாடு உள்ளவராக இருந்த லட்சக்கணக்கான ஜனங்கள் காலையில் எழுந்தபோது சாதாரண மனிதர்களாகிவிட்டார்கள்! மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. இன்னொன்று: ஒரே ஆளுக்கே இன்று 68 வரும், வேறொரு நாள் 73 வரும். ஐந்து எண் முன்பின் இருப்பது சகஜம். 2014-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே, 70 என்ற ஒற்றை எண்ணை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தீர்மானிக்கக் கூடாது என்று ஒரு வழக்கில் சொல்லிவிட்டது.

இனி, நாத்தனார் அம்மாள் சொன்ன அந்த “ஒன்பது வயசு”க்கு வருகிறேன். இந்த ஒன்பது வயசு பெரிய அநியாயங்களைச் செய்திருக்கிறது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் கேரி பக் என்று ஒரு பெண். வளர்த்த வீட்டிலேயே ஒருவன் அவளைக் கெடுத்தான். பழி வெளியே வராமலிருக்க அவளை மந்தபுத்தி உள்ளவர்களுடைய விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். சோதனை செய்து மன வயது ஒன்பது என்றார்கள். அவளுடைய தாய்க்கு எட்டுக்கும் குறைவு என்றார்கள். அவள் பெற்ற குழந்தையை ஏழெட்டு மாதத்தில் பார்த்துவிட்டு, அதுவும் சரியில்லை என்றார்கள். 1927-ல் சுப்ரீம் கோர்ட் அனுமதி கொடுக்க, அவளுக்குக் கர்ப்பத் தடை ஆபரேஷன் நடந்தது. அதைப் பின்பற்றி அந்தத் தேசத்தில் அறுபதாயிரம் பேருக்கு மேல் இப்படிச் செய்தார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். “சரியில்லை” என்று சொன்ன அந்தக் குழந்தை, 1931-ல் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரக் குழந்தைகளின் பட்டியலில் இடம் பெற்றது; பாவம், மறு வருஷமே நோய் கண்டு இறந்துவிட்டது. கேரி பக் விடுதியிலிருந்து வெளியே வந்தாள். கல்யாணம் செய்துகொண்டாள். வீட்டு வேலை செய்தாள், வயதானவர்களைப் பார்த்துக்கொண்டாள். தினம் பத்திரிகை படித்தாள். 1983 வரை வாழ்ந்தாள். எந்தப் பெண்ணால் வெளியுலகில் வாழவே முடியாது என்று தீர்ப்பெழுதினார்களோ, அவள் மற்றவர்களுக்கு ஒத்தாசையாக வாழ்ந்து காட்டினாள்.

நம் தேசத்திலும் இந்த ஒன்பது வயசு வந்தது. 2009-ல் சண்டிகரில் சர்க்கார் விடுதியில் இருந்த ஓர் அனாதைப் பெண், அங்கே இழைக்கப்பட்ட கொடுமையால் கருவுற்றாள். பத்தொன்பது இருபது வயது. லேசான அறிவுக் குறைபாடு. குழந்தை வேண்டும் என்றாள் அவள். மன வயது ஒன்பதுதானே என்று அவள் பேச்சை ஒதுக்கி, கருவைக் கலைத்துவிடும்படி ஹைகோர்ட் உத்தரவிட்டது. வழக்கு டில்லிக்குப் போயிற்று. பிரதம நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன், நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான பி. சதாசிவம், பி. எஸ். சௌஹான் மூவரும் அந்த உத்தரவை நிறுத்தினார்கள். அவள் வயது வந்த பெண், அவள் சம்மதமில்லாமல் அவள் உடம்பில் கை வைக்கக் கூடாது என்றார்கள். லேசான குறைபாடு உள்ளவர்கள் கொஞ்சம் மேற்பார்வையும் உதவியும் இருந்தால் சமூகத்தில் எல்லாரையும் போல வாழக் கூடியவர்கள் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள்.

இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் ஒன்பது வயதுக் குழந்தையும் சோதனைத் தாளில் ஒரே மார்க்கு வாங்கலாம். அதற்காக இருவரும் ஒன்றாகிவிடுவார்களா? ஒன்பது வயதுக் குழந்தை ஒன்பது தீபாவளிதான் பார்த்திருக்கிறது. இவள் இருபத்திரண்டு பார்த்திருக்கிறாள். அடுப்புச் சூடு, வீட்டுக் கஷ்டம், மாதவிடாய், மனிதர்களுடைய முகம், எல்லாம் இவளுக்குத் தெரியும். அந்தத் தாளில் இவற்றைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது.

அந்த அம்மாளின் கடிதத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை பெண் தனியாகவே பஸ் ஏறி, சிதம்பரம் மேலவீதியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறாளாம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஊர்களை வரிசையாகச் சொல்வாளாம். ஒரு திருவாதிரைத் தேரின்போது வீதியெல்லாம் கூட்டம். பழகின வழி அடைத்துவிட்டது. அவள் அழவில்லை. ஒரு வளையல் கடைக்காரம்மாளிடம் போய், செல்போனைக் கொடுத்து, “எங்க சித்திகிட்டப் பேசுங்க” என்றாளாம். இதை அந்தத் தாயார் பெண்ணுடைய அசட்டுத்தனத்துக்கு உதாரணமாக எழுதியிருக்கிறார்! அம்மா, இதுதான் தனியாக வாழத் தெரிவது. வழி தெரியாதபோது யாரைக் கேட்பது என்று தெரிந்த மனுஷி தொலைந்து போகமாட்டாள்.

வெகு உயர்ந்த புத்தி இருந்தால் வாழ்க்கை தானாக வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, குளிர் தாங்கவில்லை என்று நண்பர் மஹலநோபிஸிடம் சொன்னார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையும் சுற்றிக்கொண்டு படுத்தும் நடுங்குகிறது என்றார். நண்பர் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்துச் செருகியிருந்தன. அவற்றுக்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது, மேலேயே படுத்துக்கொண்டிருந்தார்! நண்பர் காட்டிக் கொடுத்தார், விஷயம் தீர்ந்தது. உலகமே வியந்த மூளைக்கும் கம்பளியை ஒருவர் காட்டித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

அவர் 1920-ல் 32 வயதில் காலமானபோது மனைவி ஜானகி அம்மாளுக்கு இருபத்தொரு வயது. அவருக்குப் பெரிய படிப்பு என்று எதுவும் இல்லை. பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்து தையல் கற்றுக்கொண்டார். பிறகு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியில் தையல் மெஷினையும் சொற்பப் பென்ஷனையும் வைத்துக்கொண்டு சொந்தக் காலில் நின்றார். சிநேகிதியின் பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994 வரை வாழ்ந்தார். அந்த அம்மாளுக்கு யாரும் ஐ.க்யூ. எடுத்துப் பார்க்கவில்லை, அவசியமும் ஏற்படவில்லை.

வாழத் தெரிகிறதா என்பதையும் அளக்க வேண்டும் என்று நிபுணர்களுக்கே தோன்றிவிட்டது. அமெரிக்காவில் வைன்லாண்டு என்ற ஊரில் எட்கர் டால் என்பவர் 1935-ல் ‘சமூக முதிர்ச்சி அளவுகோல்’ ஒன்றைத் தயாரித்தார். நாகபுரியில் டாக்டர் மாலின் அதை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றினார். அதில் 89 விஷயங்கள். தானே சாப்பிடுகிறாளா, உடுத்திக்கொள்கிறாளா, கடைக்குப் போகிறாளா, காசை வைத்துக்கொள்கிறாளா, நாலு பேரோடு பழகுகிறாளா, இப்படிக் கேள்விகள். வேடிக்கை என்னவென்றால், இதில் பெண்ணை உட்கார்த்திப் பரீட்சை வைப்பதில்லை. வீட்டில் உள்ளவர்களைத்தான் கேட்கிறார்கள். அநேகமாகத் தாயைத்தான். 2013-ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடும், குறைபாடு லேசா கடுமையா என்பதை ஐ.க்யூ.வை வைத்துச் சொல்லாமல், அன்றாட வாழ்க்கையை எப்படி நடத்துகிறார் என்பதை வைத்தே தீர்மானிக்கச் சொல்கிறது.

இங்கேதான் நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும். “அடுப்புப் பற்ற வைப்பாளா?” என்று கேட்டால், “ஐயோ, நான் விடுவதேயில்லை” என்கிறோம். “தலை பின்னிக்கொள்வாளா?” “நான்தான் பின்னிவிடுவேன்.” முடியாது என்பது வேறு, விடவில்லை என்பது வேறு. பாசத்தினால் நாம் செய்து கொடுக்கிற ஒவ்வொரு காரியமும் அவள் கற்காமல் போகிற ஒரு காரியம். கடலூரிலே இப்படி நடக்கிறது, சிதம்பரத்திலே இல்லை என்று சொல்லுவதற்கில்லை.

எப்படிக் கற்றுக் கொடுப்பது? சிறப்புப் பள்ளி ஆசிரியைகள் கையாளும் ஒரு யுக்தியைச் சொல்கிறேன். காரியத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரியுங்கள். கடைசிப் படியை முதலில் விடுங்கள். பின்னலை முக்கால்வாசி நீங்கள் போட்டு, ரிப்பன் முடிவதை மட்டும் அவளிடம் விடுங்கள். அது கைவந்ததும் கடைசி நாலு பிடியும் ரிப்பனும். அப்புறம் பாதி. ஒவ்வொரு தடவையும் காரியத்தை முடித்தவள் அவளாக இருப்பாள். அந்தச் சந்தோஷத்துக்காகவே அடுத்த படிக்கு வருவாள். குக்கரில் சாதம் வைப்பதும் அப்படித்தான். மணி பார்க்கத் தெரியாவிட்டால் என்ன, மூன்று விசில் எண்ணத் தெரிந்தால் போதாதா? எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் டப்பாவின் மேல் படம் ஒட்டுங்கள். தெரியாதவன் தொட்டால் “வேண்டாம்” என்று கத்தவும், வந்து உங்களிடம் சொல்லவும் கட்டாயம் பழக்குங்கள். பெண் குழந்தைக்கு எல்லாப் பாடத்துக்கும் முந்தின பாடம் அதுதான்.

வல்லாரை லேகியத்தாலும், “கல்யாணம் செய்துவிட்டால் சரியாகிவிடும்” என்ற யோசனையாலும் பிரயோஜனம் இல்லை. இது வியாதி அல்ல. மருந்தால் தீர்வதும் அல்ல. விஷயத்தை மறைத்துக் கழுத்தில் தாலி ஏற்றுவது இரண்டு குடும்பங்களுக்கும் கெடுதல். தெரிந்து, விரும்பி, உதவியோடு நடக்கிற கல்யாணம் வேறு விஷயம்.

“எங்களுக்குப் பிறகு” என்ற கேள்வி இருக்கிறதே, அதற்குச் சட்டத்திலும் சில பதில்கள் உண்டு. 1999-ம் வருஷத்து நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதுகாவலர் ஒருவரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையில் உள்ள குழுதான் நியமிக்கிறது. உங்கள் ஜில்லாவுக்குக் கடலூரிலேயே காரியம் முடியும். பாதுகாவலர் சொத்துக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கொடுமை செய்தால் நீக்கவும் வழி உண்டு. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது அவர்களுடைய உரிமை என்கிறது. உதவி செய்கிறவர் அவளுக்காகத் தீர்மானிக்காமல், அவளோடு சேர்ந்து தீர்மானிக்க வேண்டும் என்கிறது.

அடையாள அட்டையை அவமானம் என்று பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள். தமிழ்நாடு சர்க்கார் மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருகிறது. தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தராக இருந்தவர் என்றால், சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்பப் பென்ஷன் உண்டா என்று இப்போதே விசாரித்துக் காகிதங்களைச் சரி செய்யுங்கள். உங்களைக் கலங்க வைத்த அந்த எண், இந்தக் கதவுகளைத் திறக்கிற சாவியும் ஆகும். அந்த மட்டுக்கு உபயோகித்துக்கொள்ளுங்கள்.

பயம் முழுவதும் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. 58 வாங்கிய பெண்ணை யாராவது ஏமாற்றலாம். பாங்கியில் எதிலாவது கையெழுத்து வாங்கிவிடலாம். அதற்கு நம்பகமான ஒருவர் பக்கத்தில் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நாமெல்லாம் தனியாகவா வாழ்கிறோம்? வருமான வரிக்கு ஆடிட்டர், ஃபியூஸ் போனால் எலெக்ட்ரீஷியன், செல்போனில் எழுத்துப் பெரிசாக வேண்டுமென்றால் பேரன். நமக்கு வேண்டிய உதவி அதிகம் வெளியே தெரிவதில்லை. அவளுக்கு வேண்டியது தெரிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். அண்ணன் தம்பிகள், சித்தி, எதிர் வீட்டு மாமி, மளிகைக் கடைக்காரர், இவர்களையெல்லாம் அவளோடு இப்போதே பழக விடுங்கள். தாய் ஒருத்தியே உலகமாக இருந்தால், தாய்க்குப் பிறகு உலகம் இல்லை. பத்துப் பேர் பழகியிருந்தால், ஒருவர் போனாலும் ஒன்பது பேர் இருப்பார்கள்.

ஆகையால் சகோதரிகளே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெண்ணோ பிள்ளையோ இருந்தால், இந்த வாரமே ஒரு காரியத்தை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். சாயங்காலக் காபியாக இருக்கட்டும். முதல் நாள் பால் பொங்கி வழியும். இரண்டாம் நாள் டிகாக்ஷன் தண்ணீராக இருக்கும். முகம் சுளிக்காமல் குடித்துவிடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள்.